தாத்தாவின் காசும் கொழும்புப் புத்தகமும்

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். தாத்தா இறந்த பிறகு அவருடைய வெற்றிலைப் பெட்டியில் பதினேழு செப்புக்காசுகள் கிடைத்தன. ஒன்றில் ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் உட்கார்ந்த உருவம். ராஜராஜன் காசு என்றார் ஒரு வியாபாரி. புளி போட்டுத் தேய்த்ததில் நாகரி எழுத்துகள் கொஞ்சம் தெரிகின்றன. ‘ஸ்ரீ ராஜ’ என்பது வரை படித்துவிட்டேன். கையில் நாலாயிரம் ரூபாய் இருக்கிறது. இன்னும் சில காசுகள் வாங்கலாமா, அல்லது நீங்கள் அடிக்கடி சொல்லும் நாணய நூல்களை வாங்கலாமா? கைபேசியிலேயே ஆயிரம் படங்கள் கிடைக்கும்போது புத்தகம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். மற்றப் பதினாறு காசுகளையும் புளியிலிருந்து காப்பாற்றுங்கள். குத்துவிளக்குக்குப் புளி சரி. பழங்காசின் மேல் படிந்திருக்கும் பச்சைப் படலம் பல நூற்றாண்டுகளில் உருவான தோல். புளியின் அமிலம் அதை உரிக்கும்போது மெல்லிய எழுத்துக் கோடுகளும் சேர்ந்து போய்விடும்.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் ‘ஸ்ரீ ராஜ’ வரை படித்து நின்றிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் புத்தகம் தேவைப்படுகிறது. நிற்கும் உருவமும் உட்கார்ந்த உருவமும் கொண்ட காசு முதலில் இலங்கையில் வழங்கியது. அந்நாட்டின் வடபகுதியை வென்ற பிறகு ராஜராஜன் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டான் என்பதே நாணயவியலாளர் பெரும்பாலோரின் கருத்து. சோழர் ஆட்சி அங்கே முடிந்த பின்னும் இலங்கை அரசர்கள் அதே அச்சமைப்பில் காசு வெளியிட்டார்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், சாகசமல்லன் என்று அந்த வரிசை நீளும். உருவங்களை மட்டும் பார்த்தால் அத்தனை காசுகளும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு உட்கார்ந்த உருவத்தின் பக்கத்திலுள்ள நாகரி எழுத்துகளில் இருக்கிறது. சோழன் காசில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்றிருக்கும். இன்னொருவர் காசில் ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’ என்றிருக்கும். இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். லீலாவதி இலங்கையின் பழைய தலைநகரான பொலன்னறுவையை ஆண்ட அரசி, முதல் பராக்கிரமபாகுவின் மனைவி. 1197-இல் முதன்முறை அரியணை ஏறினார். கவிழ்க்கப்பட்டு மீண்டும் வந்து, மொத்தம் மூன்று முறை ஆண்டார். உங்கள் தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் இருந்தது ராஜராஜனா, இந்த அரசியா என்பது ‘ஸ்ரீ ராஜ’வுக்கு அடுத்து வரும் எழுத்துகளில் இருக்கிறது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கோட்ரிங்டன் 1924-இல் எழுதிய இலங்கை நாணய நூல். கொழும்பு அருங்காட்சியகம் வெளியிட்டது. திருநெல்வேலிக் காசைப் படிக்கக் கொழும்புப் புத்தகம் வேண்டியிருக்கிறது. தெற்குக் கடற்கரைக்கும் இலங்கைக்கும் இடையே இருந்த போக்குவரத்தை நினைத்தால் இதில் வியப்பில்லை. ஆனால் ‘ராஜராஜன் காசு’ என்று தேடினால் கைபேசி ராஜராஜனைத்தான் காட்டும். லீலாவதியைத் தேட வேண்டும் என்று நமக்கே தோன்றாது. நல்ல நாணய நூலில் தேடிய காசுக்கு அடுத்த பக்கத்திலேயே, நாம் தேடாத அதன் உடன்பிறப்பும் இருக்கும். இருபது ஆண்டுகளாக அந்த அடுத்த பக்கங்களில்தான் அதிகம் கற்றிருக்கிறேன்.

பாண்டியர் காசுகளில் இது இன்னும் முக்கியம். அச்சைவிடச் செப்புத் தகடு சிறியதாக இருப்பதால் எழுத்துகள் முழுமையாக விழுவதில்லை. உங்களிடம் உள்ள காசில் ‘ணாடு கொ’ மட்டும் இருக்கலாம். வேறொன்றில் ‘சோணா’ இருக்கும். பல காசுகளை ஒப்பிட்டு ‘சோணாடு கொண்டான்’ என்ற முழுப் பெயரைக் கூட்டி எடுத்தவர்கள் நூலாசிரியர்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு உங்கள் துண்டெழுத்தும் பேசத் தொடங்கும். சோழநாட்டை வென்ற முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் வரை அது உங்களை அழைத்துப் போகும். ‘எல்லாந்தலையானான்’ என்று எழுதிய பாண்டியர் காசையும் இப்படித்தான் கூட்டிப் படிக்க வேண்டும்.

நம் ஊருக்கென்றே ஒரு நூல் இருக்கிறது. லோவென்தால் என்ற பாதிரியார் 1888-இல் சென்னையில் வெளியிட்ட, திருநெல்வேலி நாணயங்களைப் பற்றிய சிறிய ஆங்கில நூல். இந்த மாவட்டத்துச் செப்புக்காசுகளுக்கென ஒருவர் அத்தனை காலத்துக்கு முன்பே தனி நூல் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு இன்றும் நெகிழ்ச்சி உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அதற்குப் பிறகு தெரியவந்தவை பல. தமிழ் பிராமி என்னும் மிகப் பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவியது 1924-இல். ‘பெருவழுதி’ என்று பெயர் பொறித்த சங்கப் பாண்டியர் காசை இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து வெளியிட்டது 1980-களில். ஆகவே யானை பொறித்த சங்ககாலச் சதுரக் காசுகளுக்கு அவர் 1997-இல் வெளியிட்ட சங்ககால நாணய நூலைப் பாருங்கள். நூல்களும் தவறு செய்யும். ஆனால் யார், எந்தக் காசை வைத்து, எந்த ஆண்டில் சொன்னார் என்று தெரிவதால் அடுத்தவர் திருத்த முடியும். விற்பனைப் படத்தின் கீழ் உள்ள பெயருக்கு அந்தப் பொறுப்பு இல்லை.

எனக்கும் ஒரு இழப்பு உண்டு. தொடக்கத்தில் ஊர் ஊராக வரும் ஒருவரிடம் யானைக் காசு ஒன்றை வாங்கினேன். இரண்டு மாதச் சம்பள மிச்சம் அது. பிறகு நூலகத்தில் உட்கார்ந்து ஒப்பிட்டபோதுதான் உண்மை தெரிந்தது. எடை குறைவு, விளிம்பு மழுங்கல், காசின் பரப்பெங்கும் ஊசிமுனைக் குழிகள். வார்ப்புப் போலி. அன்று நான் அழுதேன். அந்த நூலைக் காசுக்கு முன்பே பார்த்திருந்தால் அவர் துணியை விரித்தபோதே எழுந்து வந்திருப்பேன்.

உங்கள் நாலாயிரத்தைப் புத்தகத்தில் போடுங்கள். முழுவதையும் செலவழிக்க வேண்டியதில்லை. வால்டர் எலியட்டின் 1886-ஆம் ஆண்டுத் தென்னிந்திய நாணய நூல் போன்ற பழைய நூல்களின் படிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் எடை கிரெயின் என்ற பழைய ஆங்கில எடைக் கணக்கில் இருக்கும். ஒரு கிராம் 15.43 கிரெயின். நகைக்கடையில் கேட்டால் உங்கள் காசுகளை நிறுத்துக் கொடுப்பார்கள். ஆற்றுமணலில் கிடைத்தது, வயலில் கிடைத்தது என்று யாராவது காசு கொண்டுவந்தால் விலை பேசாதீர்கள். மண்ணில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

தாத்தா அந்தக் காசுகளை எங்கே வாங்கினார் என்று வீட்டில் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அந்த ஒரு செய்தி மட்டும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அடுத்து பாளையங்கோட்டைக்கு வரும்போது வெற்றிலைப் பெட்டியோடு வாருங்கள். கோட்ரிங்டனை மேசைமேல் எடுத்து வைத்திருப்பேன். ‘ஸ்ரீ ராஜ’வுக்குப் பிறகு வரும் எழுத்தை இருவரும் சேர்ந்து படிப்போம்.