புதுநன்மைக்குப் பிள்ளையை வீட்டிலேயே தயாரிக்கலாமா?

மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்ப முடியாதபோது, புதுநன்மைக்கு, அதாவது திருப்பலி வழிபாட்டில் இயேசுவின் உடலாக வழங்கப்படும் நற்கருணையைப் பிள்ளை முதன்முறையாக வாங்குவதற்கு, வீட்டிலேயே தயாரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தயாரிக்கலாம். அந்தக் கடமை முதலில் பெற்றோருடையது என்றே திருச்சபைச் சட்டம் 914 சொல்கிறது. பிள்ளை தயாரா என்று பார்ப்பது பங்குத்தந்தையின் பொறுப்பு. அவரிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

மனப்பாடத்தை மட்டும் நம்பாதீர்கள். பிள்ளைக்கு நற்கருணையைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறியத் தெரிய வேண்டும். 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வலியுறுத்தியது இதைத்தான். திருப்பலியில் குருவானவர் நற்கருணையை உயர்த்தும்போது, "இவர் இயேசு" என்று பிள்ளையின் காதில் சொல்லுங்கள்.

பிள்ளைகள் அஞ்சுவது, குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு. புதுநன்மைக்கு முன் அது அவசியம். இரவு செபத்தில் "இன்று யார் மனத்தையாவது நோகடித்தாயா?" என்று கேளுங்கள், நீங்கள் கடிந்து பேசியிருந்தால் பிள்ளையிடமே மன்னிப்புக் கேளுங்கள். எந்தப் பாடமும் இதற்கு ஈடாகாது.

நன்மை வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் தண்ணீர், மருந்து தவிர எதுவும் கொடுக்காதீர்கள்.