இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் சமமாக இருந்த காலம் எது?

கேள்வி: 1950களிலும் 60களிலும் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்ட பணத்தின் இந்திய மதிப்பை எந்த விகிதத்தில் கணக்கிட வேண்டும்? இரண்டு ரூபாய்களும் அப்போது சமமாக இருந்தன என்பது உண்மைதானா?

ஆம், உண்மை. 1966ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் வரை அதிகாரபூர்வமாக ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதமே இருந்தது. அந்தச் சமநிலையை முதலில் உடைத்தது இலங்கை அல்ல, இந்தியாதான். அதன் பிறகு சில ஆண்டுகள் இலங்கை ரூபாய்தான் மதிப்பு மிக்கதாக இருந்தது. இன்றைய விகிதத்தை மட்டும் அறிந்தவர்கள் இதை நம்பத் தயங்குகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சமநிலை தற்செயலாக வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய வெள்ளி ரூபாயே இலங்கையின் நாணயமாக ஏற்கப்பட்டது. 1872இல் அது நூறு சதங்களாகப் பிரிக்கப்பட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்து, அதன் தாள்களை வைத்திருந்த மக்கள் கலங்கி நின்றபோது, காகிதப் பணம் வெளியிடும் பொறுப்பை அரசே ஏற்றது. அதற்கென அமைந்த நாணய ஆணையாளர் சபை, வெளியிட்ட தாள்களுக்கு ஈடாக இந்திய வெள்ளி ரூபாய்களையும் கடன் பத்திரங்களையும் இருப்பில் வைத்திருந்தது. எனவே 1893இல் இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை நாணயமாக அடித்துத் தருவதை நிறுத்தியபோதும், 1927இல் இந்திய ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று சட்டப்படி நிலைநிறுத்தப்பட்டபோதும், இலங்கை ரூபாய் தனியாக எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை, உடன் சென்றது.

இரு நாடுகளும் விடுதலை பெற்ற பின்னரும் இந்தப் பிணைப்பின் பயன் நீடித்தது. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது இரண்டு ரூபாய்களும் அதே அளவு இறங்கின. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்பது இருவருக்கும் பொதுவான விகிதமாயிற்று. அன்று பாகிஸ்தான் இறங்க மறுத்ததால், நூறு பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்ற நிலை உருவாகி, இரு நாடுகளுக்கிடையிலான வணிகமே ஸ்தம்பித்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அப்படி ஒரு நெருக்கடி நேரவில்லை. 1950இல் இலங்கை மத்திய வங்கி தொடங்கப்பட்டு நாணய ஆணையாளர் சபையின் காலம் முடிந்த பிறகும் விகிதம் மாறவில்லை.

1965ஆம் ஆண்டுப் போர், மழை பொய்த்தது, வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டது ஆகிய அழுத்தங்களால் இந்தியா 1966 ஜூன் 6ஆம் நாள் டாலர் விகிதத்தை 4.76இலிருந்து 7.50ஆக மாற்றியது. இலங்கை அசையவில்லை. ஒரே நாளில் ஒரு இலங்கை ரூபாய் 1.575 இந்திய ரூபாய்க்குச் சமமானது. அடுத்த ஆண்டு நவம்பரில் பவுண்டின் மதிப்பு மீண்டும் குறைக்கப்பட்டபோது நிலைமை தலைகீழாயிற்று: இந்தியா அசையாமல் நின்றது, இலங்கை இறங்கியது. தேயிலையின் முக்கியச் சந்தையான பிரிட்டனில் விலை ஏறிவிடக் கூடாது என்பது இலங்கையின் இயல்பான கவலை. ஆனால் பவுண்டின் 14.3 விழுக்காட்டைவிட அதிகமாக, 20 விழுக்காடு அது குறைத்தது. டாலருக்கு 5.95 என்றானது, ஒரு இலங்கை ரூபாய் 1.26 இந்திய ரூபாய் ஆனது.

இந்த எண்கள் யாருடைய வாழ்க்கையைத் தொட்டன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் குறித்து இரு நாடுகளும் 1964ஆம் ஆண்டு செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, அவர்களில் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள் 5,25,000 பேர். ஒரு குடும்பம் கொண்டுவர அனுமதிக்கப்படும் சொத்தின் உச்ச வரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. தோட்டத்தில் ஒரு தலைமுறை உழைத்துச் சேர்த்த சேமலாப நிதியும் (வருங்கால வைப்பு நிதி) பணிக்கொடையும் அதற்குள் அடங்கும். அதிகாரபூர்வ விகிதத்தில் அந்த 4,000 இலங்கை ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் 4,000 இந்திய ரூபாய். 1966இன் பிற்பகுதியில் 6,300. 1967இன் இறுதியில் 5,040. கப்பல் ஏறிய மாதத்தைப் பொறுத்து உழைப்பின் மதிப்பு இவ்வளவு மாறுவதில் அந்தக் குடும்பங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. மலையக வரலாற்றை எழுதுபவர்கள் இதற்கு இன்னும் அதிக இடம் தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

1968 மே மாதத்தோடு கணக்கு சிக்கலாகிறது. அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் என்ற முறையை இலங்கை கொண்டுவந்ததால், இன்றியமையாப் பொருள்களுக்கு ஒரு விகிதமும், மற்றவற்றுக்குக் கூடுதல் கட்டணம் சேர்ந்த இன்னொரு விகிதமும் நிலவின. 1970களின் நடுப்பகுதியில் முதல் விகிதத்தில் பார்த்தால் இலங்கை ரூபாய் இன்னும் சற்று மேலே இருந்தது. இரண்டாவதில் பார்த்தால் இந்திய ரூபாய் முந்திவிட்டிருந்தது. 1977 நவம்பரில் இரண்டு விகிதங்களும் ஒன்றாக்கப்பட்டு டாலருக்கு 16 ரூபாய் என்று தொடங்கியபோதுதான் ஐயத்துக்கு இடமின்றி இந்திய ரூபாய் மேலேறியது. அதன் மதிப்பு ஒன்றே முக்கால் இலங்கை ரூபாயைத் தாண்டியது.

அதற்குப் பிறகும் பயணம் ஒரே திசையில் இல்லை. 1990இல் ஒரு இந்திய ரூபாய் ஏறத்தாழ 2.30 இலங்கை ரூபாயாக இருந்தது. 1991ஆம் ஆண்டு இந்திய நெருக்கடிக்குப் பின், 1993இல் அது 1.60 அளவுக்கு இறங்கிவிட்டது. 2022இன் தொடக்கத்தில் 2.70ஐ ஒட்டியிருந்தது, இலங்கையின் நெருக்கடியால் அவ்வாண்டு மே மாதத்துக்குள் நான்கரையைத் தாண்டியது.

இனி உங்கள் கணக்கு. 1966 ஜூன் 6க்கு முந்தைய ஆவணங்களில் உள்ள தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 1957 ஏப்ரலுக்கு முந்தையவற்றில் இந்தியப் பக்கம் அணாவில் இருக்கும் என்பதால் 50 சதம் என்பது 8 அணாவாகப் பதிவாகியிருக்கலாம், அதைப் பிழை என்று எண்ண வேண்டாம். 1966 ஜூன் 6இலிருந்து 1967 நவம்பர் மதிப்புக் குறைப்பு வரை 1.575ஆலும், பின்னர் 1968 மே வரை 1.26ஆலும் பெருக்குங்கள். அதற்குப் பிந்தைய தொகைகளுக்கு, பணம் எந்த வகையில் அனுப்பப்பட்டது என்பதை முதலில் ஆவணத்தில் தேடிவிட்டு, இரு மத்திய வங்கிகளும் வெளியிட்ட அவ்வாண்டு டாலர் விகிதங்களைக் கொண்டு கணக்கிடுவதே சரியானது.