வயல் மோட்டார் ரூம் அலாரத்தில் பேட்டரி ஏன் பதினைந்தே நாளில் தீர்கிறது?

அம்பாசமுத்திரம் பக்கம் மூன்று ஏஏ செல், ஆள் நடமாட்டத்தை உடம்புச் சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கும் பிஐஆர் சென்சார், ஆர்டுயினோ ப்ரோ மினி என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டு போட்டிருக்கிறீர்கள். குற்றவாளி சென்சார் இல்லை. எச்.சி-எஸ்ஆர்501 (HC-SR501) என்ற பிஐஆர் சென்சார் சும்மா இருக்கும்போது இழுப்பது சுமார் 65 மைக்ரோஆம்பியர்தான். போர்டில் எந்நேரமும் எரியும் பவர் எல்இடியும் தூங்காத சிப்பும் சேர்ந்து 5 மில்லிஆம்பியர் தின்றாலே, 2000 எம்ஏஎச் செல் 400 மணி நேரத்தில், அதாவது 17 நாளில் காலி.

எல்இடியைப் பிடுங்குங்கள். போர்டில் வோல்டேஜைச் சீராக்கும் ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டு, செல்லை நேரே சிப்புக்குக் கரன்ட் போகும் விசிசி (VCC) பின்னில் கொடுங்கள். சிப்பை பவர்-டவுன் என்ற ஆழ்ந்த தூக்க நிலையில் போட்டு, சென்சார் அவுட்புட்டை, தூங்கும் சிப்பை எழுப்பக்கூடிய இன்டரப்ட் பின்னில் (2 அல்லது 3) இணைத்து எழுப்புங்கள். புரோகிராமின் லூப்பில் டிலே (delay) போட்டுக் காத்திருப்பது தூக்கம் ஆகாது. சென்சாரையும் ஏஎம்312 (AM312) என்ற சின்ன பிஐஆர் ஆக மாற்றுவது நல்லது. 501-க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், செல் கொஞ்சம் இறங்கினாலே தடுமாறும். 312-க்கு 2.7 போதும், இழுப்பதும் சுமார் 15 மைக்ரோஆம்பியர்தான். ஆனால் மூன்று முதல் ஐந்து மீட்டர்தான் பார்க்கும். வாசலுக்கு அது போதும், வரப்பு வரை எட்டாது.

இன்னொன்று, கத்திரி வெயிலில் சுவரும் மனித உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்துவிடும். பிஐஆர் பார்ப்பதே சூட்டு வித்தியாசத்தைத்தான், அதனால் மத்தியானம் ஆளைத் தவறவிடலாம். ஆனி, ஆடிக் காற்றிலோ வெயில்பட்ட வாழை இலை ஆடினாலே அலாரம் அடிக்கும். சென்சாரைத் தோட்டத்தைப் பார்க்க வைக்காமல், ரூமுக்குள் கதவுக்குக் குறுக்காகப் பார்க்க வையுங்கள்.