கோயம்பேட்டில் வாங்கிய பங்கனப்பள்ளி மாம்பழத்தின் கொட்டையை நட்டால் அதே இனிப்பு வருமா?

அப்படியே வராது. ஒட்டுச்செடி தாயின் நகல். கொட்டைச்செடிக்குத் தகப்பன் எந்த மரமோ, ஈக்குத்தான் தெரியும். நீலம், தசேரி என்ற இரு மா ரகங்கள் சேர்ந்து பிறந்த ரகங்கள்தான் மல்லிகா, ஆம்ரபாலி இரண்டும். ஆனால் ஆம்ரபாலி குட்டை மரம், மல்லிகா அவ்வளவு குட்டையல்ல.

அப்போ மரத்துக்கு மரம் இனிப்பு வேறுபடுவதில் எவ்வளவு பரம்பரை, எவ்வளவு மண், தண்ணீர், வெயில்? இதில் பரம்பரையின் பங்கைத்தான் பாரம்பரியத் திறன் என்கிறார்கள்; 0 முதல் 1 வரை இருக்கும்.

கணக்கிடுவது இப்படி. ஒரே தோட்டத்தில் ஒரே ரகத்தின் ஒட்டுகளையும் பலவகைக் கொட்டைச்செடிகளையும் கலந்து நடுகிறோம். ஒட்டுகளுக்குள் மரபு ஒன்றே. அவற்றின் வேறுபாடு முழுக்கச் சூழலால் வருவது. பேச்சுக்கு, இனிப்பின் மாறுபாட்டு அளவு ஒட்டுகளில் 2, கொட்டைச்செடிகளில் 5 என்று வையுங்கள். மரபின் பங்கு 3; 3/5 = 0.6.

ஆனால் இந்த 0.6 முழுவதும் பிள்ளைக்குப் போகாது. மரபணுக்கள் சேரும் விதத்தால் வரும் குணம் அடுத்த தலைமுறையில் கலைந்துவிடும். அதனால், கடத்தப்படும் பங்கை மட்டும் அறிய, பெற்றோர் இருவரின் சராசரியோடு பிள்ளைகளை ஒப்பிட்டுக் கோடு வரைகிறோம். கோட்டின் சாய்வே விடை. அது 0.5 என்றால், தோட்டச் சராசரியைவிட 4 பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பை அளக்கும் அலகு) கூடுதலான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக 2 தான் கூடுவார்கள்.

ஒரு தோட்டத்து எண் இன்னொன்றுக்குப் பொருந்த வேண்டியதில்லை. கொட்டைச்செடி காய்க்கவே பல வருடமாகும், பொறுமை வேண்டும். வீட்டுக்கு என்றால் பேசாமல் ஒட்டுச்செடியே வாங்குங்கள்.