கரைச்சுவரைப் பாருங்கள்

வணக்கம். மே மாதம் மனைவி, அப்பா, அம்மாவோடு ஆம்ஸ்டர்டாம் போகிறோம். கால்வாய்ப் படகுச் சவாரி பற்றிக் கேட்டால், போய்வந்த நண்பர்கள் "ஒரு மணி நேரம் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்துப் பணக்காரர்களின் வீடுகளைக் காட்டுவார்கள், அதை நடந்தே பார்த்துவிடலாம்" என்கிறார்கள். பகலா, இரவா? மூடிய படகா, திறந்த படகா? நமக்குச் சம்பந்தமில்லாத வியாபாரிகளின் மாளிகைகள். 400 வருடமாக அசையாமல் நிற்கிற ஊர். அதைப் பார்க்கப் படகு எதற்கு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பகல். அப்பா அம்மா வருவதால் மூடிய படகு. இதோடு உங்கள் கேள்விக்குப் பதில் முடிந்தது. ஆனால் "அசையாமல் நிற்கிற ஊர்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைச் சும்மா விட முடியவில்லை. அந்த ஊரின் கரைச்சுவர்களை, அதாவது கால்வாயின் இரு பக்கமும் தெருமண்ணைத் தாங்கி நிற்கும் சுவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

அந்த ஊர் அசைகிறது. பழைய நகரத்துக்குள் பல்கலைக்கழகக் கட்டடங்களை ஒட்டி ஓடும் சிறிய கால்வாய் கிரிம்பர்க்வால். 2020 செப்டம்பர் 1 அன்று அதன் கரைச்சுவர் மொத்தமாகச் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. கண்ணாடிக்கூரைச் சுற்றுலாப் படகு ஒன்று அப்போதுதான் அந்த இடத்தைக் கடந்து போயிருந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. நகராட்சி கணக்கெடுத்து வைத்திருப்பது சுமார் 200 கிலோமீட்டர் கரைச்சுவர், 850 பாலங்கள். இவற்றைப் பரிசோதித்து, தேவையான இடங்களில் பிரித்துக் கட்டும் வேலை இன்னும் பல வருடங்கள் ஓடும்.

நடந்தே பார்க்கலாம் என்ற உங்கள் நண்பர்களிடம் ஒன்று கேளுங்கள். நடக்கும்போது நீங்கள் அந்தச் சுவரின் தலைமேல் அல்லவா நிற்கிறீர்கள்? சுவர் எப்படித் தெரியும்? பாலங்கள் தாழ்வானவை என்பதால் அந்தப் படகுகளின் தரையைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்கியிருப்பார்கள். உட்கார்ந்தால் தண்ணீர் ஏறக்குறைய உங்கள் தோள் உயரத்தில் இருக்கும், கண்ணுக்கு நேர் எதிரே சுவர். பணம் கொடுப்பது இந்த உயரத்துக்குத்தான்.

சுவரின் கட்டுமானம் தெரிந்தால்தான் பார்ப்பதில் அர்த்தம் இருக்கும். மேலே செங்கல். அதன் உச்சியில் கல் பலகைகள் பதித்த விளிம்பு. செங்கல்லுக்குக் கீழே, எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் மரத்தளம். அந்தத் தளத்தைத் தாங்குவது வரிசை வரிசையாக மண்ணுக்குள் அடித்த நீண்ட மரக்கம்பங்கள், பைல்கள் என்பார்கள். மேலே உள்ள சேறும் கரிமண்ணும் எடை தாங்காது என்பதால், பன்னிரண்டு மீட்டர் வாக்கில் இருக்கும் மணல் படுகை வரை பைலை இறக்கினார்கள். காற்றுப் படாத மரத்தில் பூஞ்சை பிடிக்காது. கால்வாய் மட்டத்தைக் கடல்மட்டக் குறியிலிருந்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் கீழே விடாப்பிடியாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் தண்ணீருக்குள்ளும் பாக்டீரியா உண்டு. பைலின் வெளிச்சுற்றை அது மெதுவாகத் தின்கிறது.

சுவரின் மேல் இருப்பது, முன்பு கைவண்டியும் குதிரைவண்டியும் போன தெரு. இன்று அதே தெருவில் சிமெண்ட் லாரி, குப்பை லாரி, வரிசையாக நிறுத்திய கார்கள். அதனால்தான் நகரின் மையப் பகுதியில் கனரக வண்டிகளுக்கு 7.5 டன் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

லாரியை எல்லோரும் திட்டிவிடுகிறார்கள். நீங்கள் ஏறப்போகும் படகை யாரும் திட்டுவதில்லை. நான் திட்டுகிறேன். ஏறக்குறைய 20 மீட்டர் நீளமுள்ள படகு குறுகலான முனையில் திரும்ப வேண்டுமானால், பின்னால் தண்ணீரைத் தள்ளிப் படகை ஓட்டும் விசிறி மட்டும் போதாது. முன்பக்கத்தில் குறுக்காகப் பொருத்திய இன்னொரு விசிறியும் ஓடும். அதிலிருந்து பீறிடும் தண்ணீர் சுவரின் அடியில் போய் மோதும். கால்வாய் ஆழமே இரண்டரை, மூன்று மீட்டர்தான். அடிமண் கிளம்பி விலக, அந்த இடம் பள்ளமாகும். அதுவரை மண்ணுக்குள் புதைந்து நின்ற பைலின் மேற்பகுதி இப்போது வெறும் தண்ணீரில் நிற்கும். பக்கவாட்டில் பிடிமானம் போனால், தெருப்பக்க மண் தள்ளும்போது பைல் வளையும். கிரிம்பர்க்வாலில் நடந்ததை ஆராய்ந்தவர்களும் இப்படி ஆழமாகிப்போன அடிமட்டத்தை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள்.

"இப்போதெல்லாம் மின்சாரப் படகுதானே" என்பீர்கள். பயணிகள் படகுகள் புகைவிடக் கூடாது என்ற விதி 2025 முதல் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் விசிறியைச் சுற்றுவது டீசலா பேட்டரியா என்பது சேற்றுக்குத் தெரியாது. மணிக்கு 6 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு நேராகப் போகும்போது உதவும். திரும்பும்போது சேதம் செய்வது படகின் வேகம் அல்ல, விசிறியின் உந்துதல். முனையில் திரும்பியதும் பின்னால் பாருங்கள், தண்ணீர் பழுப்பாகக் கலங்கி மேலே வரும்.

எங்கே உட்காருவது? படகுகள் வலது ஓரமாகப் போகும். வலது ஜன்னலில் கரைச்சுவர் கிட்டத்தில் வரும். வீட்டு முகப்புகளை அண்ணாந்து பார்க்காமல் முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் இடது ஜன்னல். மனைவிக்கு இடதைக் கொடுத்துவிட்டு நீங்கள் வலது பக்கம் போங்கள். கல் விளிம்பு நேர்கோடாக ஓடுகிறதா, நெளிகிறதா என்று பாருங்கள். செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாக இறங்கும் விரிசல் இருந்தால், அங்கே ஒரு பகுதி மட்டும் தாழ்கிறது என்று பொருள். சுவரில் ஒட்டிய சிறு பிரதிபலிப்பான்கள் தெரிந்தால், அது அசைவை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் இடம். சில இடங்களில் சுவருக்கு முன்னால் இரும்புத் தகடுகளை வரிசையாக அடித்து, இடைவெளியில் மணல் கொட்டியிருப்பார்கள். விழப்போகும் கிழவருக்கு முட்டுக் கொடுத்த மாதிரி. அசிங்கமாக இருக்கும். படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் கேமராவைத் திருப்பிக்கொள்ளும் இடம் அது. நீங்கள் அதை எடுங்கள்.

முகப்பின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கப்பி உத்தரம், முன்னால் சாய்த்துக் கட்டிய வீடு, ரெகுலியர்ஸ்கிராக்ட் கால்வாய் முனையில் ஒரே நேர்கோட்டில் தெரியும் ஏழு பாலங்கள், இதெல்லாம் படகில் காதில் மாட்டிக்கொள்ளும் ஒலி வழிகாட்டியே சொல்லிவிடும்.

"நமக்குச் சம்பந்தமில்லாத" என்று எழுதியதற்கு மட்டும் உங்கள் காதைத் திருக வேண்டும். ஹேரன்கிராக்ட் முதலிய பெரிய கால்வாய்களை வெட்டத் தொடங்கியது 1613. அதே 1613-ல்தான் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து துணி போனது, 1620-களில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்களும் கப்பலில் படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போனார்கள். ஹேரன்கிராக்ட் கரையில் 502-ம் எண் வீடு இன்று மேயரின் அதிகாரபூர்வ இல்லம். அதைக் கட்டியவர் அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தில் ஈடுபட்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். அதைச் சொல்லும் கல் ஒன்று வாசலில் 2006 முதல் பதித்திருக்கிறது. சம்பந்தம் இல்லையாம்!

அம்மாவுக்கு முட்டிவலி இருந்தால் ஒரு விஷயம். படகின் தரை தாழ்வு என்பதால் உள்ளே சில படிகள் இறங்க வேண்டும், கூரை தலையில் இடிக்கும். டிக்கெட் வாங்கும்போதே படி எத்தனை, சாய்தளம் உண்டா, கழிப்பறை உண்டா என்று கேளுங்கள். சிறிய திறந்த படகுகளில் கழிப்பறையை எதிர்பார்க்காதீர்கள். மத்திய ரயில் நிலைய வாசலில் வரிசை நீளமாக இருந்தால் அங்கேயே வெயிலில் நிற்க வேண்டாம். ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்கு எதிரே ஸ்டாட்ஹவுடர்ஸ்காடே கரையிலிருந்தும் படகுகள் கிளம்புகின்றன. மே மாதக் காலையில் தண்ணீருக்கு அருகே குளிரும், அப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.