பாங்பெமாவுக்கு எத்தனை நாள்? – வாசகர் கேள்விகளுக்கு மலை டாக்டரின் பதில்கள்

கிழக்கு நேபாளத்தில், காஞ்சன்ஜங்காவின் வடக்கு பேஸ் கேம்ப்பான பாங்பெமாவுக்குக் கூடாரக் குழுவாக நடந்து போவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். ஊரில் பொது மருத்துவம் பார்த்துக்கொண்டு, சீசனில் இத்தகைய குழுக்களோடு டாக்டராகப் போகிறவள் நான். அதனாலோ என்னவோ, வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உடம்பைப் பற்றியே கேட்கின்றன. முதல் கேள்வி பணத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும் அதுவும் உடம்பைப் பற்றியதுதான்.

தப்லேஜுங்கில் கிளம்பித் தப்லேஜுங் திரும்ப ஒரு நிறுவனம் 10 நாள் என்கிறது. இன்னொன்று 15 நாள் என்கிறது, கட்டணமும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. பார்க்கப் போவது ஒரே மலைதானே?
– வாசகர், ஈரோடு

மலை ஒன்றுதான். போய்ச் சேரும்போது நீங்கள் எந்த நிலையில் இருப்பீர்கள் என்பதில்தான் வித்தியாசம்.

உயரங்களை வரிசையாகப் பாருங்கள். ஜீப் போகும் செகாதும் சுமார் 1,650 மீட்டர். நம் ஏற்காட்டை விடச் சற்று அதிகம். பிறகு அம்ஜிலோசா 2,400, கியாப்லா 2,730, குன்சா 3,400-க்கு மேல், கம்பாசென் 4,100, லோனாக் 4,780, கடைசியாகப் பாங்பெமா 5,143. மூவாயிரத்தைத் தாண்டிவிட்டால், இரவு படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். மலை மருத்துவத்தின் அடிப்படை விதி இது. குன்சாவிலிருந்து கம்பாசென், கம்பாசெனிலிருந்து லோனாக் என இந்த வழியின் இரண்டு ஏற்றங்களும் அந்த 500-ஐத் தாண்டுகின்றன. ஆகவே குன்சாவில் ஒரு ஓய்வு நாள், கம்பாசெனில் ஒரு ஓய்வு நாள் இருந்தே தீர வேண்டும். நீங்கள் அனுப்பிய 10 நாள் திட்டத்தில் இரண்டுமே இல்லை. கட்டணம் குறைந்ததே அதனால்தான்.

ஓய்வு நாள் என்றால் படுத்திருக்கும் நாள் அல்ல. கம்பாசெனில் அன்று காலை ஜன்னு பனியாற்றுப் பக்கம் ஏறிப் போய், மதியத்துக்கு மேல் இறங்கி வந்து அதே கூடாரத்தில் தூங்க வேண்டும். 7,710 மீட்டர் உயரத்தில், தலைக்கு மேலே நிமிர்ந்த கற்சுவராக நிற்கும் ஜன்னுவுக்குக் கும்பகர்ணன் என்றே நேபாளத்தில் பெயர். லிம்பு மக்களுக்கு அது ஃபக்தாங்லுங் என்னும் புனித மலை. அந்த வட்டாரத்துக் கிராம நகராட்சிக்கே அந்தப் பெயர்தான். 10 நாள் குழு அதை நடந்துகொண்டே திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

குன்சாவிலும் அவசரப்பட வேண்டாம். திபெத்திய வழி மக்கள் வாழும் மரவீட்டுக் கிராமம் அது. காஞ்சன்ஜங்கா பாதுகாப்புப் பகுதியின் பொறுப்பை உள்ளூர் மக்களிடமே ஒப்படைத்த விழாவுக்கு வந்துவிட்டு 2006 செப்டம்பர் 23-இல் திரும்பிய ஹெலிகாப்டர், குன்சாவுக்கு அருகில் விழுந்து 24 பேரும் இறந்தார்கள். சந்திர குருங் உட்பட நேபாள இயற்கைப் பாதுகாப்பின் முன்னோடிகள் பலரை அந்த ஒரே நாள் கொண்டுபோனது. நீங்கள் நடக்கும் காடு இன்றும் காடாக இருப்பதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்னொன்று. கம்பாசெனுக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய மண்சரிவைக் குறுக்கே கடக்க வேண்டும். வெயில் ஏறி மேலிருந்து கல் உருளத் தொடங்கும் முன் கடந்துவிடுவது நல்லது. மழையோ பனியோ பிடித்துக்கொண்டால் அதற்கு முன்பே நின்றுவிட வேண்டும். கையில் உபரி நாள் வைத்திருக்கும் கைடுதான் தைரியமாக "இன்று வேண்டாம்" என்பார். ஏஜென்சியிடம் பயணத் திட்டம் கேட்காதீர்கள். ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டரில் படுக்கிறோம் என்ற பட்டியலைக் கேளுங்கள். அதைத் தயங்காமல் தருகிறவர்களை நம்பலாம்.

வழியில் லாட்ஜுகள் வந்துவிட்டன என்கிறார்களே, கூடாரம் எதற்கு?
– வாசகி, நாகர்கோவில்

வந்துவிட்டன, லோனாக் வரைக்கும் எளிய அறைகள் கிடைக்கின்றன. அது போதும் என்பவர்கள் தாராளமாக அப்படிப் போகலாம். நான் கூடாரத்தின் பக்கம் இருப்பதற்குக் காரணம் பாங்பெமாவே. லாட்ஜில் தங்குகிறவர்கள் லோனாக்கிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, சற்று நேரம் பார்த்துவிட்டு அன்றே திரும்புகிறார்கள். கூடாரக் குழு அங்கேயே ஓர் இரவு தங்கலாம். பனியாற்றுக்கு அக்கரையில் காஞ்சன்ஜங்காவின் வடமேற்கு முகம் முழுதாக நிற்கும். மேகம் பகலில் மூடினாலும் மாலையிலோ மறுநாள் காலையிலோ விலகக்கூடும். பின்னாலுள்ள சரிவில் பரல் என்னும் நீல ஆடுகள் மேய்வதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கலாம்.

கூடார வாழ்க்கை எப்படியிருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். காலை ஆறு மணிக்குச் சமையல் உதவியாள் கூடாரத்தின் ஜிப்பைத் தட்டி டீ நீட்டுவார். பின்னாலேயே ஒரு பேசினில் வெந்நீர் வரும். முகம் கழுவ அவ்வளவுதான் தண்ணீர். அதற்குள் உங்கள் மூச்சு இரவெல்லாம் கூடாரத்தின் உள்துணியில் பனிப்பொடியாக உறைந்திருக்கும். எழுந்து முதுகு உரசினால் பொடியெல்லாம் கழுத்துக்குள் கொட்டும். கையால் மெல்லத் தட்டி ஓரமாகச் சரித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். மாலையில் சூரியன் மலைமுகட்டுக்குப் பின்னால் போன சில நிமிடங்களில் குளிர் வந்துவிடும். நவம்பர் இரவுகளில் லோனாக்கில் மைனஸ் 15 சாதாரணம். படுக்கப் போகும்போது உலோக பாட்டிலில் வெந்நீர் வாங்கி, ஒரு சாக்ஸுக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேகின் கால்மாட்டில் வையுங்கள். காலையில் அதுவே குடிதண்ணீர். போன், பேட்டரி, மறுநாள் போடும் சாக்ஸ் எல்லாம் உங்களோடு பைக்குள்ளேயே படுக்கட்டும்.

எனக்கு 57 வயது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கின்றன. வரலாமா? ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி வாங்க வேண்டுமா?
– வாசகர், சிவகாசி

உங்களைப் பார்க்காமல் "வரலாம்" என்று எழுத மாட்டேன். இதய மருத்துவரிடம் டிரெட்மில் சோதனை செய்துகொண்டு, என்ன மாத்திரை, எந்த உயரம் என்று சொல்லிக் கேளுங்கள். உயரத்தில் முதல் சில நாள் ரத்த அழுத்தம் ஏறும். சில பிரஷர் மாத்திரைகள் நாடித்துடிப்பைக் கட்டிப்போடும். ஏற்றத்தில் அது தொல்லை. இன்சுலின் போடுகிறவர்கள் அதை உறையவிடக் கூடாது, உடம்போடு ஒட்டிய பையில் வைக்க வேண்டும். குளுக்கோமீட்டரும் குளிரில் தவறாகக் காட்டலாம், சூடாக வைத்திருந்து பாருங்கள்.

உயரத்துக்கு உடம்பு பழகாததால் தலைவலி, வாந்தி என வரும் உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரை உதவும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓய்வு நாளை வெட்டலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

விரலில் மாட்டும் கருவியை விட நான் நம்புவது ஆளை. லோனாக்கில் நல்ல உடம்புக்காரருக்கே 80-ஐ ஒட்டிக் காட்டும். சாப்பிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் எனக்குக் கவலையில்லை. 88 காட்டினாலும், தலைவலியோடு மூலையில் சுருண்டிருக்கிறவரை நான் மேலே விடுவதில்லை. மாலையில் எல்லோரையும் தரையில் ஒரு கோட்டின் மேல் அடிமேல் அடிவைத்து நடக்கச் சொல்வேன். தள்ளாடினால் அது மூளை வீக்கத்தின் அடையாளம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டுக்கும் ஒரே வழிதான்: விடியும்வரை காத்திராமல், துணையோடு உடனே கீழே இறக்குவது. ஹெலிகாப்டர் மேகத்தில் வராது. வருவதற்கும் காப்பீடு வேண்டும். பாலிசியில் 5,000 மீட்டருக்கு மேலான மலைநடையும் ஹெலிகாப்டர் மீட்பும் எழுத்தில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

மாதவிடாய் நாட்களில் கூடாரத்தில் எப்படிச் சமாளிப்பது? கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, புதுச்சேரி

கூச்சமே வேண்டாம், இது எல்லாப் பெண்களும் கேட்க வேண்டிய கேள்வி. குழுவில் கழிப்பறைக் கூடாரம் தனியாக இருக்கும். தண்ணீரிலிருந்து தள்ளிக் குழி தோண்டி அதன்மேல் அமைப்பார்கள். பயன்படுத்திய நாப்கினைக் குழியில் போடாமல், நிறமுள்ள ஜிப் கவரில் கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். மாதவிடாய்க் கப் பழக்கமானவர்களுக்கு அது வசதி, புதிதாகப் பழக மலை சரியான இடம் அல்ல. உயரத்தில் தேதி முன்பின் ஆகும், அதனால் கணக்குப் பார்க்காமல் எடுத்துப் போங்கள். தள்ளிப்போட மாத்திரை எடுப்பதாக இருந்தால், ரத்தக்கட்டு அபாயம் பற்றி முதலில் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

நம் மூட்டையை இன்னொரு மனிதர் தலையில் ஏற்றுவது உறுத்துகிறது. போர்ட்டர் இல்லாமல் போக முடியாதா?
– வாசகர், சேலம்

வெளிநாட்டவர் இந்தப் பகுதிக்குப் பதிவு பெற்ற ஏஜென்சி வழியாக, கைடோடுதான் போக முடியும். கூடாரம், அடுப்பு, எண்ணெய், இரண்டு வாரச் சாப்பாடு எல்லாவற்றையும் நாமே சுமப்பது நடக்காது. உங்கள் உறுத்தல் நியாயமானது. அதற்காகச் சம்பளத்தை நிறுத்தாமல், சுமையைச் சரிபார்க்கும் பக்கம் திருப்புங்கள்.

டோகோ என்னும் மூங்கில் கூடையை முதுகில் வைத்து, நாம்லோ என்னும் பட்டையை உச்சி நெற்றியில் மாட்டிச் சுமப்பார்கள். முழுப் பாரமும் கழுத்து வழியாக இறங்கும். நெடுநாள் சுமந்தவர்களுக்கு அந்தப் பட்டை பட்ட இடத்தில் முடி தேய்ந்து தோல் தடித்திருக்கும். 30 கிலோ என்பது நேபாள மலைகளில் ஒப்புக்கொள்ளப்பட்ட வரம்பு. முதல் நாள் காலை தராசு தொங்கவிட்டு எடை போடும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். அவருடைய சொந்தப் போர்வையும் அரிசியும் அந்த முப்பதுக்குள் வர வேண்டும் என்பது என் பிடிவாதம். உங்கள் பை 12 கிலோவைத் தாண்டாமல் இருந்தால் அது தானாக நடக்கும்.

இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்: போர்ட்டர்களில் பலர் உயரத்தில் வாழ்கிறவர்கள் அல்லர். தப்லேஜுங் பக்கத்துக் கீழ் மலைகளில் ஏலக்காயும் சோளமும் பயிரிடும் லிம்பு, ராய் குடும்பத்துப் பிள்ளைகள். 4,000 மீட்டர் அவர்களுக்கும் புதிதாக இருக்கலாம். உங்களுக்கு வரும் தலைவலியும் வாந்தியும் அவர்களுக்கும் வரும். சொன்னால் கூலி போய்விடுமோ என்று சொல்ல மாட்டார்கள். நான் மாலையில் டைனிங் கூடாரத்தை முடித்துக்கொண்டு சமையல் கூடாரத்துக்கும் போய் ஒவ்வொருவரையும் பார்ப்பது இதனால்தான். ஒரு பயணத்தில் லோனாக்கில், இருபது வயதுகூட ஆகாத பையன் ஒருவன் இருமிக்கொண்டே பாறை மறைவில் பிளாஸ்டிக் ஷீட்டின் கீழ் படுத்திருந்தான். போர்ட்டர்களுக்குக் கூடாரம் கொண்டுவரவே இல்லை அந்த நிறுவனம். அன்றிரவே அவனை இரண்டு பேர் துணையோடு கீழே இறக்கினோம். பிழைத்துக்கொண்டான். இன்னொரு குழுவில் டாக்டர் இல்லாமல் இருந்தால் என்னாகியிருக்கும்?

ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: போர்ட்டர் எங்கே படுப்பார்? மெத்தை, போர்வை, ஷூ, கண்ணாடி யார் தருவது? அவருக்குக் காப்பீடு எடுத்தாயிற்றா? நோயுற்றவரைத் தனியாகக் கீழே அனுப்பக் கூடாது, அன்றுவரையான கூலியைக் கையில் கொடுத்துத் துணையோடு அனுப்ப வேண்டும். 10 நாள் திட்டம் உங்களைக் கெடுப்பதற்கு முன்பு, 30 கிலோவோடு அதே வேகத்தில் ஏறுகிற அவர்களைக் கெடுக்கும். ஈரோடு வாசகரும் இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகி, தஞ்சாவூர்

தாராளமாக. பருப்பு, சோறு, உருளைக்கிழங்கு, கீரை, சப்பாத்தி, சூப், காலையில் கஞ்சி. 5,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. நல்ல சமையல்காரர் குக்கரை மறக்க மாட்டார். உயரத்தில் பசி செத்துப்போகும். அப்போது பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் நாலு வாய் கூடுதலாக இறக்கும், கட்டாயம் எடுத்துப் போங்கள். விறகில் சமைக்காமல் மண்ணெண்ணெய் அல்லது கேஸில்தான் சமைக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

காஞ்சன்ஜங்காவின் உச்சியை யாரும் மிதிக்கவில்லை என்று எங்கள் டீச்சர் சொன்னார். உண்மையா?
– மாணவி, கோவில்பட்டி

உன் டீச்சர் சொன்னதில் அழகான உண்மை இருக்கிறது. 8,586 மீட்டர் உயரமுள்ள இந்த மூன்றாவது பெரிய மலையில் முதலில் ஏறியவர்கள் ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், 1955 மே 25-இல். சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம் குடியிருக்கும் மலை என்பதால், உச்சிப் பனியை மிதிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். பின்னால் வந்த பலரும் அதைக் காப்பாற்றினார்கள், எல்லோரும் என்று சொல்ல முடியாது. 1977-இல் நரேந்திர குமார் தலைமையில் நம் ராணுவக் குழு சிக்கிம் பக்கமாக, மிகக் கடினமான வடகிழக்கு முகடு வழியே ஏறியது. பாங்பெமா பக்கத்திலிருந்து 1979-இல் டக் ஸ்காட், பீட்டர் போர்டுமேன், ஜோ டாஸ்கர் மூவரும் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறினார்கள். பாங்பெமாவில் நின்றால் அந்த வழி கண்ணெதிரே தெரியும்.

பயிற்சிக்கு ஜிம் போதுமா? என்ன அடையாள அட்டை வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

வெள்ளியங்கிரி பக்கத்திலேயே இருக்க ஜிம் எதற்கு? பக்தர்களை அனுமதிக்கும் மாதங்களில் ஏறுங்கள், மற்ற நாட்களில் மருதமலைப் படி. ஆறு கிலோ பையோடு, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் போங்கள். இறங்குவதையும் பயிற்சியாகவே செய்யுங்கள்; முழங்கால் வலியோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இறக்கத்தில் வந்தவர்கள். நேபாளத்துக்கு நமக்கு விசா தேவையில்லை, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிகளை ஏஜென்சி எடுத்துத் தரும். எவையெவை, என்ன கட்டணம் என்பதை முன்பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.