தலை தீபாவளி விருந்து முடிந்தது. இனி வயிற்றுக்கு இதமாக என்ன சமைக்கலாம்?

கேள்வி: எனக்கு 52 வயது. பெண்ணுக்கு இது தலை தீபாவளி என்பதால் எட்டு நாளும் வீட்டில் விருந்துதான். காலையில் நெய்ப்பொங்கல், வடை. மதியம் பிரியாணி அல்லது கோழிக் குழம்பு. நடுநடுவே அதிரசம், முறுக்கு, மைசூர்பாகு. பெண்ணும் மாப்பிள்ளையும் நேற்றுக் கிளம்பினார்கள். எனக்கு வயிறு கல் மாதிரி இருக்கிறது. புளித்த ஏப்பம், உப்புசம், மூன்று நாளாக மலச்சிக்கல். எடை 2 கிலோ கூடியிருக்கிறது. என் கணவருக்கு 58 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். சஷ்டியன்று நாள் முழுக்கப் பட்டினி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். நான் கொஞ்ச நாள் காய்கறியாகவே சமைக்கலாம் என்று இருக்கிறேன். எந்தக் காயை எப்படிச் செய்வது? வெண்பூசணிச் சாறு குடித்தால் வயிறு சுத்தமாகுமா?
— கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: முதலில் உங்கள் கணவர் விஷயம், ஏனென்றால் அதுதான் அவசரம். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் எல்லாம் அதற்கான அறிகுறிகள். அப்படி நேர்ந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, இன்னும் குறைவாகவே இருந்தால் திரும்பக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். விரதம் இருக்கத்தான் வேண்டும் என்றால், அன்றைக்கு எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது, எதை நிறுத்துவது என்று அவருடைய மருத்துவரிடம் முந்தின நாளே கேட்டுவிட வேண்டும். மாத்திரையைத் தானாக விடுவதும் வேண்டாம், மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பதும் வேண்டாம்.

எடை கூடியதை நினைத்துக் கலங்காதீர்கள். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிகுதியாக வேண்டும். இரண்டு கிலோவுக்கு 15,000-க்கு மேல் ஆகிறது. எட்டு நாள் விருந்தில் அவ்வளவு சேர்வது அரிது. உங்கள் எடையில் பெரும்பகுதி தண்ணீர். முறுக்கு, அப்பளம், ஊறுகாய், பிரியாணி எல்லாவற்றிலும் போன உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மிகுதியான மாவுச்சத்து ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். உப்பும் பலகாரமும் குறைந்தால் ஒரு வாரத்தில் இதில் பெரும்பகுதி தானாகவே இறங்கிவிடும்.

வயிறு கனப்பதற்குக் காரணம் கொழுப்பு. சிறுகுடலுக்குள் எண்ணெயும் நெய்யும் வந்து சேர்ந்ததும், ‘மெதுவாக அனுப்பு’ என்று இரைப்பைக்குக் குடல் செய்தி அனுப்பும். சோறு சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் பெருமளவு காலியாக வேண்டிய இரைப்பை, நெய்ப்பொங்கலும் வடையும் போனால் இன்னும் நெடுநேரம் நிரம்பியே இருக்கும். அதற்குள் அடுத்த வேளை வந்துவிடுகிறது. படுத்தால் அமிலம் மேலே ஏறிப் புளித்த ஏப்பமாகிறது. அரிசி, நெய், சர்க்கரை என்று நாள் போனதில் நார்ச்சத்தும் குறைந்துவிட்டது, அதனால்தான் மலச்சிக்கல்.

வெண்பூசணிச் சாறு வயிற்றைச் ‘சுத்தம்’ செய்யாது. ஈரலும் சிறுநீரகமும் உடம்பைச் சுத்தம் செய்யும் வேலையை ஓயாமல் செய்துகொண்டுதான் இருக்கின்றன. வடிகட்டிய சாற்றில் உங்களுக்கு இப்போது வேண்டிய நார்ச்சத்து பெரும்பாலும் போய்விடும். பூசணியைச் சமைத்துச் சாப்பிடுங்கள். சுரைக்காய்ச் சாறு குடிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சுரைக்காய் சில நேரம் கசந்துவிடும். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் என்னும் பொருள் கடும் வாந்தி, பேதி, ரத்த வாந்தி வரை கொண்டுபோய் உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. வேகவைத்தாலும் அது போகாது. சுரை, பீர்க்கை, புடலை எதை நறுக்கினாலும் ஒரு சின்னத் துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் குப்பையில் போட்டுவிடுங்கள். காசு போகிறதே என்று நல்ல காயோடு கலக்க வேண்டாம்.

இனி சமையல். ‘காய்கறிதானே’ என்று நினைத்து நாம் ஏமாறுவது தாளிப்புக் கரண்டியிலும் தேங்காயிலும்தான். நான்கு பேருக்கான பொரியலில் மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றினால் அதிலேயே ஏறக்குறைய 370 கலோரி. ஒரு மூடித் தேங்காயில் சுமார் 50 கிராம் கொழுப்பு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு நாள் முழுவதற்கும் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம்தான். காய்கறியோ 400 கிராம். நம் இலையில் இது தலைகீழாக இருக்கிறது: சோறு மலையாக, பொரியல் இரண்டு கரண்டி. ஆகவே இந்த வாரத்துக்கு எண்ணெய்ப் பாத்திரத்திலிருந்து நேராக ஊற்றாதீர்கள். 5 மில்லி டீஸ்பூனால் அளந்து, இரண்டு பேருக்கான ஒரு பதார்த்தத்துக்கு ஒரு டீஸ்பூன். துருவிய தேங்காய் ஒரு டேபிள்ஸ்பூன்.

ஆனால் முதல் நாளே ஆளுக்கு 400 கிராம் காய்க்குப் போக வேண்டாம். எட்டு நாள் நார்ச்சத்தே பார்க்காத குடலில் திடீரென்று அவ்வளவு போனால், பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைத்து வாயுவாக்கும். உப்புசம் இன்னும் கூடும். முதல் இரண்டு நாள் ஆளுக்கு 200 கிராம், அதுவும் நன்றாக வெந்த நீர்க்காய்கள்: பீர்க்கங்காய், புடலங்காய், வெண்பூசணி, சௌசௌ. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கொண்டைக்கடலை, பச்சை வெங்காயம் நான்கு நாள் போகட்டும். கேரட், வெள்ளரி போட்ட கோசுமல்லியும் அதற்குப் பிறகுதான்.

பீர்க்கங்காய்க் கூட்டிலிருந்து தொடங்குங்கள். இருவருக்கு: தோல் சீவிய காய் 300 கிராம், பாசிப்பருப்பு 40 கிராம். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போகும். புதுத் தண்ணீரில் மஞ்சள்தூள் சேர்த்து, குழையாமல் மலர வேகவையுங்கள். வேறு பாத்திரத்தில் காயோடு கால் கப் தண்ணீர் மட்டும் விட்டு, மூடி, சிறு தீயில் 7, 8 நிமிடம். இந்தக் காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதுவே விட்டு வேகும். கூடத் தண்ணீர் ஊற்றுவதால்தான் கூட்டு ரசமாக ஓடுகிறது. உப்பைக் காய் சுண்டிய பிறகே போடுங்கள், மொத்தம் அரை டீஸ்பூன். பச்சைக் காயின் குவியலைப் பார்த்துப் போட்டால், அது பாதியாகச் சுருங்கியதும் உப்புக் கரிக்கும். பருப்பைச் சேர்த்து, ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய், அரை டீஸ்பூன் சீரகம், ஒரு பச்சைமிளகாய் அரைத்துக் கலந்து ஒரு கொதி. கடைசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுந்து, பெருங்காயம், கறிவேப்பிலை. நீர்த்துப் போனால் அரிசிமாவு கரைத்து விடாதீர்கள். கூட்டிலிருந்தே ஒரு கரண்டிப் பருப்பை எடுத்து மசித்துக் கலந்தால் போதும், கெட்டிப்படும். புடலங்காய், சௌசௌ எல்லாம் இதே முறைதான். சௌசௌவுக்கு மட்டும் வேகும் நேரம் இன்னும் 5 நிமிடம் கூடும்.

இரண்டாம் நாள் வெண்பூசணி மோர்க்குழம்பு. இதில்தான் பலருக்குக் கை தவறும். பூசணித் துண்டுகள் 300 கிராமை அரை கப் தண்ணீரில் மஞ்சள்தூளோடு, துண்டு கண்ணாடி போல ஆகும் வரை வேகவையுங்கள். ஒரு டீஸ்பூன் பச்சரிசி, ஒரு டீஸ்பூன் துவரம்பருப்பு இரண்டையும் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு டீஸ்பூன் சீரகம், சிறு துண்டு இஞ்சி, ஒரு பச்சைமிளகாய், ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காயோடு நைசாக அரைத்து, காயில் விட்டு 3 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பச்சை வாசனை போவது இந்தக் கட்டத்தில்தான். தயிர் விட்ட பிறகு கொதிக்கவைக்க முடியாது. பிறகு தீயைக் குறைத்து, புளிக்காத தயிர் 200 மில்லியை 100 மில்லி தண்ணீரோடு கடைந்து ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கி உப்புப் போடுங்கள். தளதளவென்று கொதித்தால் தயிரின் புரதம் திரிந்து தண்ணீர் தனியாக நிற்கும். அரிசியின் மாவுப்பசைதான் அது திரியாமல் காக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் புளித்த ஏப்பம் இருப்பதால் தயிர் அன்றைக்கு உறைந்ததாகவே இருக்கட்டும்.

மூன்றாம் நாளிலிருந்து வாழைத்தண்டு. காவிரிக் கரையில் உங்களுக்கு அதற்குப் பஞ்சமில்லை. வட்டமாக அரியும்போது ஒவ்வொரு வில்லைக்கும் விரலைச் சுற்றி நாரை எடுத்துவிட்டு, நீர்மோரில் போட்டு வையுங்கள், கறுக்காது. 200 கிராம் பொடியாக நறுக்கிய தண்டு, ஊறவைத்த பாசிப்பருப்பு இரண்டு டேபிள்ஸ்பூன், தண்ணீர் தெளித்து மூடி 12 நிமிடம். நார் சரியாக எடுக்காமல் விட்டால் மெல்ல முடியாமல் முழுங்குவீர்கள், வயிறு மறுபடி கனக்கும். கீரையும் இந்த நாளிலிருந்து சேரலாம். ஐப்பசி மழையில் கீரைக்கட்டில் சேறு மிகுதி. அகன்ற பாத்திரத்தில் மூன்று தண்ணீர் அலசி, மண் அடியில் தங்கியபின் கீரையை மேலாக அள்ளி எடுங்கள். பாத்திரத்தோடு கவிழ்த்தால் மண் திரும்பவும் கீரை மேலேயே விழும். அலசிய பிறகு நறுக்கி, மூடாமல் வேகவையுங்கள், நிறம் மாறாது.

சோற்றை நிறுத்த வேண்டாம். வேளைக்கு வடித்த சோறு ஒரு கப், கூட்டு அதைவிடக் கூட. உங்கள் கணவர் முதலில் கூட்டையும் பொரியலையும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வரட்டும். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை சட்டென்று ஏறுவதைத் தணிக்க அது உதவும். அதன்பின் 15 நிமிடம் வாசலில் நடந்தால் இன்னும் நல்லது. இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்து, படுக்க மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். இரவுக்கு மிளகு ரசம் நல்லது என்று பலரும் சொல்வார்கள். நெஞ்செரிச்சல் இருக்கும்போது புளி, தக்காளி, மிளகு மூன்றுமே சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். ஏப்பம் தணியும் வரை சீரகம் தாளித்த பருப்புத் தண்ணீர் விட்டுச் சாப்பிடுங்கள்.

தீபாவளி லேகியம் மிச்சம் இருக்கும். அதில் வெல்லமும் நெய்யும் இருக்கின்றன. சுண்டைக்காய் அளவுக்கு மேல் உங்களுக்கு வேண்டாம், உங்கள் கணவருக்கு அதுவும் வேண்டாம். கடையில் விற்கும் நுரைக்கும் செரிமானத் தூள்களில் சோடியம் மிகுதி. ரத்த அழுத்தம் உள்ளவர் தொடக்கூடாது. மலச்சிக்கலுக்கு நாளைக்கு 2 லிட்டர் தண்ணீரும், இரவில் ஒரு டீஸ்பூன் இசப்கோலும் போதும். அதை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரையையும் காயையும் இந்த அளவுக்குக் கூட்டக்கூடாது, பொட்டாசியம் ஏறும். 2 லிட்டர் தண்ணீர் என்ற அளவும் அவர்களுக்கும் இதய பலவீனம் உள்ளவர்களுக்கும் பொருந்தாது, மருத்துவர் சொன்ன அளவுதான். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

உங்கள் வயதில் விருந்துக்குப் பின் வலது விலாவுக்குக் கீழே வலி எடுத்து முதுகுக்கோ தோள்பட்டைக்கோ பரவினால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். காய்ச்சலோ மஞ்சள் கண்ணோ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வயிறு வீங்கி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியாவிட்டால் இசப்கோல் கொடுக்காமல் உடனே போக வேண்டும். கறுப்பு மலமும் அப்படியே. உங்கள் கணவருக்கு நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ இறுக்கமும் வியர்வையும் வந்தால், ‘வாயு’ என்று இஞ்சிச் சாறு கொடுத்துக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும். உடனே 108-ஐ அழைத்து ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். இப்படி எதுவும் இல்லாமல், இந்தச் சாப்பாட்டில் இரண்டு வாரம் ஆன பிறகும் மலம் பழையபடி போகவில்லை என்றால், அதை விருந்தின் கணக்கில் எழுதிவிடாமல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். 50 வயதுக்கு மேல் மலப் பழக்கம் புதிதாக மாறினால் பரிசோதித்தே ஆக வேண்டும்.